தெரபி நாய்க்குச் சான்றிதழ்: மதுரையில் என்ன வழி?

முதியோர் இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ வீட்டு நாயை அழைத்துப்போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'சான்றிதழ் எங்கே வாங்குவது?' என்பதுதான். இதற்கென்று அரசு தரும் சான்றிதழ் இந்தியாவில் இல்லை. பயிற்சி கொடுத்து, சோதித்துப் பார்த்து, தகுதி வழங்குவது தொண்டு அமைப்புகளே. நாயைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பணம் கட்டியதும் இணையம் வழியாக அட்டை அனுப்புகிறவர்களும் உண்டு. அந்த அட்டையை நம்பி நோயாளியின் கட்டிலருகே நாயைக் கொண்டுபோவது தவறு.

எப்படி வந்தது?

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் ஒருவருக்காகவே பழக்கப்படுவது. தெரபி நாய், வளர்ப்பவரோடு சென்று பலருக்கும் ஆறுதல் தருவது. நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தால் பேசத் தயங்கும் குழந்தைகளும் மனம் திறப்பதைக் கண்டு 1960களில் எழுதினார். நாய்களை நோயாளிகளிடம் அழைத்துப்போவதற்காக ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991இல் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டம், விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் வழியாகச் சென்னைக்கு வந்தது. சி.பி. ராமசுவாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரா, கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாய்களின் துணையைப் பயன்படுத்தியது. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன் இதே பணியில் இருக்கிறது.

தேர்வில் என்ன பார்ப்பார்கள்?

அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பின் விதிகள் நமக்கும் நல்ல வழிகாட்டி. நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தேர்வில் ஒருவர் தள்ளாடியபடி, உரக்கக் கத்திக்கொண்டு நாயை நோக்கி வருவார். பின்னாலிருந்து ஒருவர் இடித்துவிட்டுப் போவார். பலர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டு தடவுவார்கள்.

அப்போது நாய் உதட்டை நக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, முகத்தைத் திருப்பினாலோ அதற்கு மனம் ஒப்பவில்லை என்று பொருள். அதைக் கவனித்து உடனே விலக்கி அழைத்துப்போகிறாரா என்று வளர்ப்பவரையும் எடைபோடுவார்கள். தேர்வு இருவருக்கும்தான். தேறிய பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வு உண்டு. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் நாய் போதாது. புதியவரிடம் தானாகப் போய்த் தலையை நீட்டும் நாயே இதற்கு ஏற்றது. ராஜபாளையம் காவலுக்கும் சிப்பிப்பாறை வேட்டைக்கும் பேர்போனவை. அந்நியரிடம் எளிதில் ஒட்டாதவை. ஆனாலும் முடிவு செய்வது இனமல்ல, அந்தந்த நாயின் சுபாவம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயும் தேறலாம்.

மதுரையில் எங்கே தொடங்குவது?

முதலில் கால்நடை மருத்துவர். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி இல்லாத தோல் ஆகியவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, வழுக்கும் டைல்ஸ் தரை, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், லிஃப்ட் என ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். சித்திரை வெயிலில் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கிவிடும். காலையிலேயே போய்த் திரும்பிவிடுவது நல்லது.

போகும் இடத்தில் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி அவசியம். அங்குள்ள ஒவ்வொருவரின் விருப்பத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும். நாய்க்கடி அனுபவத்தால் அஞ்சுபவர், ஒவ்வாமை உள்ளவர், சமய வழக்கத்தால் தொட விரும்பாதவர் யாரையும் வற்புறுத்தக்கூடாது. ஆறாத புண்ணோ நோய் எதிர்ப்புக் குறைவோ உள்ளவர் விஷயத்தில் மருத்துவர் சொல்வதே முடிவு.

சான்றிதழுக்காக மும்பைவரை போய்வர எல்லோராலும் இயலாது. கால்நடை மருத்துவர், நாய்ப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் மூவரும் சேர்ந்தால் இத்தகைய தேர்வை மதுரையிலேயே நேர்மையாக நடத்தலாம். தேறாத நாயைத் தேறவில்லை என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்தத் துணிவுதான் சான்றிதழுக்கு மதிப்பைத் தரும்.