மூங்கில் மரமா, புல்லா? கூடை பின்னுபவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

பிளாஸ்டிக் எல்லா இடத்தையும் பிடித்துவிட்ட பிறகும், திண்டுக்கல் பக்கம் மூங்கில் கூடை இன்னும் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. பூச்சந்தைதான் அது.

காரணம் ரொம்ப சிம்பிள். நிலக்கோட்டை மல்லிகை மொட்டு பறித்த பிறகும் மூச்சு விடும், சூடாகும். காற்று போகாத பையில் அடைத்தால் வியர்த்து, நிறம் மாறிவிடும். கூடையின் இடுக்கு வழியே அந்தச் சூடு வெளியேறிவிடுகிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் ஒட்டரிசிச் சோற்றை இன்றும் மூங்கில் கூடையில் வைத்துத்தான் பரிமாறுகிறார்கள். அங்கேயும் விஷயம் இதுதான்: ஆவி வெளியே போகும், சோறு நசநசக்காது.

ஒட்டன்சத்திரம் தக்காளி மட்டும் பெட்டிக்கு மாறிவிட்டது.

வீட்டில் முறம் இருக்கிறது. புதுசாக வாங்கினால் வெந்தயத்தோடு ஊறிய காகிதத்தை அரைத்து மெழுகி, இடுக்கை அடைத்துவிட்டுத்தான் புழங்குவார்கள். பழனிக்குப் போகும் காவடிகளில் வில் போல வளைந்து நிற்பதும் பல நேரம் மூங்கில் பட்டைதான். கடைசிப் பயணத்துக்குப் பாடை கட்டவும் பச்சை மூங்கில் வேண்டும்.

பச்சை என்பதுதான் இங்கே முக்கியம். மூங்கிலைப் பிளந்து, பிளாச்சாக்கி, பட்டையாகச் சீவிப் பின்னுவதற்குள் அது காய்ந்துவிடக் கூடாது. காய்ந்தால் வளையாது, ஒடியும். வழியில் அனுமதிச் சீட்டு கேட்டு லாரி ரெண்டு நாள் நின்றால், நஷ்டம் கூடை பின்னுபவருக்கு!

அனுமதிச் சீட்டு எதற்கு?

தாவரவியல்படி மூங்கில் ஒரு புல். நெல், கரும்பு, சோளம் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். முளைக்கும்போது என்ன பருமனோ அதே பருமன்தான் கடைசி வரை, மரம் மாதிரி வருஷா வருஷம் பெருக்காது. ஆனால் 1927-ம் ஆண்டு இந்திய வனச் சட்டம் 'மரம்' என்ற சொல்லுக்குள் மூங்கிலையும் சேர்த்துவிட்டது. இதனால் சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டவும், கொண்டுபோகவும் அனுமதி தேவைப்பட்டது. இதற்கு நடுவில் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்து மூங்கிலை 'சிறு வனப்பொருள்' என்றது. ஒரு சட்டத்தில் மரம், இன்னொன்றில் மரமில்லை!

2017-ல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்து, 1927 சட்டத்தின் பட்டியலிலிருந்து மூங்கிலை எடுத்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்குத்தான் இந்தச் சலுகை. காட்டு மூங்கிலுக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது. பனையும் பிரம்பும் இன்னும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன என்பது வேறு கதை.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு 1882-லிருந்தே தனி வனச் சட்டம் இருக்கிறது. அதனால் '2017-லயே எல்லாம் மாறிடுச்சு' என்று நம்பி லாரி ஏற்றிவிடக் கூடாது. வெட்டுவதற்கு முன் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, பட்டா நகலோடு எழுதி வாங்கிவிடுவது நல்லது.

வரப்பு ஓரத்தில் நடலாம்னு நினைக்கிறவங்க இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூடைக்குக் கணுவுக்குக் கணு இடைவெளி நீளமாக இருக்கிற ரகம் வேண்டும். கல்மூங்கில் ஏணிக்கும் கம்புக்கும் சரி. நட்ட அடுத்த வருஷமே வெட்ட முடியாது, முதல் அறுவடைக்கு நாலைந்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் வெளியிலிருந்து வருகிற லாரியைத்தான் நம்ப வேண்டும்.