அரை நொடியின் பொருளியல்

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பொருளியல் வாய்மொழித் தேர்வில், "பற்றாக்குறை என்றால் என்ன?" என்று ஒரு மாணவரிடம் கேட்டேன். அவர் கல்லூரியின் கபடி அணி வீரர். விடை கூறத் தெரியாமல் நின்றார். "மைதானத்தில் ஓடுவதற்கு மூளை வேண்டாம், தேர்வுக்கு வேண்டும்" என்றேன். அவர் தலைகுனிந்து வெளியேறினார். அன்று நான் கூறியது எவ்வளவு பிழை என்பதை, ஓய்வுபெற்ற பின் விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆய்வுகளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கிரிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகிறது. கண் கண்டதை மூளை உணர்ந்து, தசைகளுக்கு ஆணையிட்டு, அசைவு தொடங்குவதற்கே சுமார் 0.2 நொடி தேவை. மட்டையைச் சுழற்றவும் நேரம் வேண்டும். எனவே, பந்தின் பாதையை முழுவதும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது இயலாத காரியம்.

அப்படியானால், சிறந்த வீரர்களின் நரம்புகள் நம்முடையவற்றைவிட விரைவாக இயங்குகின்றனவா? இல்லை. பிரிட்டன் உளவியலாளர் பீட்டர் மெக்லியோட் 1987-இல் இதைச் சோதித்தார். ஆடுகள விரிப்பின் அடியில் மரத்துண்டுகளை வைத்து, பந்து எதிர்பாராத திசையில் திரும்புமாறு செய்தார். பன்னாட்டுப் போட்டிகளில் ஆடிய மட்டையாளர்களுக்கும் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொள்ள சுமார் 0.2 நொடி தேவைப்பட்டது. சாதாரண மனிதருக்கும் அதே அளவுதான்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? 2000-இல் அவரும் மைக்கேல் லேண்டும் மட்டையாளர்களின் கண்ணசைவைக் கருவி கொண்டு பதிவு செய்தனர். அவர்களின் கண்கள் பந்தை இடைவிடாமல் பின்தொடரவில்லை. பந்து புறப்படும் கணத்தைக் கவனித்துவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவி, அங்கே காத்திருந்தன. திறமை மிக்கவரின் கண் மற்றவரைவிட முன்னதாகவே தாவியது. எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

குறைவாக உள்ள வளத்தை எதற்குச் செலவிடுவது என்பதே பொருளியலின் அடிப்படைக் கேள்வி. இங்கே அந்த வளம் நேரமும் கவனமும். மனிதரின் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு என்று வாதிட்டு, 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், வில்லியம் சேஸுடன் இணைந்து 1973-இல் சதுரங்க வீரர்களை ஆராய்ந்தார். உண்மையான ஆட்டத்தின் காய்நிலையை ஐந்து நொடிகள் மட்டுமே பார்த்த வல்லுநர், அதைப் பெருமளவு சரியாக மீண்டும் அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அவருடைய மேன்மை மறைந்துபோனது. அவரிடம் இருந்தது தனி நினைவாற்றல் அன்று. நெடுநாள் ஆடியதால் மனத்தில் படிந்த ஆட்ட வடிவங்கள்.

விளையாடினால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நான் கூறவில்லை. ஒரு துறையில் பெற்ற தேர்ச்சி அந்தத் துறைக்கே பெரிதும் உரியது என்பதையும் அந்தச் சதுரங்க ஆய்வே காட்டுகிறது. ஆனால், மைதானத்தில் பெறுவதும் அறிவே. அதை நூலிலிருந்தோ கைப்பேசித் திரையிலிருந்தோ பெற முடியாது. ஆடித்தான் பெற வேண்டும்.

பொதுத்தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ கைமாறுவது நம் பள்ளிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. ஒரு தந்தையாக நானும் அதை வரவேற்றவன்தான். மூளைக்கு வேலையில்லாத நேரத்தைப் படிப்புக்குத் தருகிறோம் என்று எண்ணினேன். உண்மையில், ஒரு கல்வியைப் பறித்து இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கிறோம். பெற்றோரும் தலைமையாசிரியர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கபடியில் பாடிச் செல்பவருக்குக் கிடைப்பது 30 நொடிகள். எதிரே ஏழு பேர் வரை நிற்கலாம். யாரைத் தொடுவது, யாரிடமிருந்து விலகுவது, எப்போது திரும்புவது என்று அதற்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். பற்றாக்குறையை அந்த மாணவர் நாள்தோறும் எதிர்கொண்டவர். அவருடைய ஆட்டத்தைக் கொண்டே அந்தச் சொல்லை விளக்கியிருந்தால், நான் நல்ல ஆசிரியராக இருந்திருப்பேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).