சீம்பாலும் இளங்கன்றும்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் இருங்காட்டுக்கோட்டையையும் ஸ்ரீபெரும்புதூரையும் காண்பர்; தெற்கே திரும்பினால் ஒரகடம். ஏரி நீரால் நெல் விளைந்த நாடு இது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. ஆயினும் ஆலைகளை அடுத்த ஊர்களில் மாடுகள் மறைந்துவிடவில்லை. வீட்டில் ஒருவர் ஷிப்டு வேலைக்குச் செல்ல, கொல்லையில் ஒன்றிரண்டு கறவைப் பசுக்களும் வளர்கின்றன.

அத்தகைய வீடொன்றில் இரவு இரண்டு மணிக்குப் பசு கன்று ஈனுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்று தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடுகிறது. “நஞ்சுக்கொடி விழட்டும்; பிறகு ஊட்ட விடலாம்” என்கிறார் வீட்டுப் பெரியவர். கொடி விழும்போது காலை எட்டு மணி ஆகிவிடுகிறது. அதற்குள் ஆலைக்குச் செல்ல வேண்டியவர் சென்றுவிட்டார். மாணவர்களே, அந்த ஆறு மணி நேரத்தில் அக்கன்று இழந்தது யாது? அதனையே இன்று ஆராய்வோம்.

மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே, நோயை எதிர்க்கும் பொருள்களுள் ஒரு பகுதியைத் தாயின் இரத்தத்திலிருந்து பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அப்பேறு இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அப்பொருள்களைக் கடத்துவதில்லை. ஆகவே கன்று ஏறத்தாழ வெறுங்கையுடனேயே பிறக்கிறது எனலாம். தொழுவத்து மண்ணிலும் சாணத்திலும் நோய்க்கிருமிகளோ காத்திருக்கின்றன. இக்குறையை நிறைக்க இயற்கை வைத்திருக்கும் வழியே சீம்பால். சாதாரணப் பாலில் புரதம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. முதல் சீம்பாலிலோ ஏறத்தாழ பதினான்கு பங்கு உண்டு. அப்புரதத்தில் பெரும்பகுதி நோய் எதிர்ப்புப் பொருள்களே. சீம்பாலை அவித்தால் அது கட்டியாக உறைவதை நம் வீடுகளில் கண்டிருப்பீர்கள். அவ்வாறு உறைவது இப்புரத மிகுதியால்தான்.

புரதம் வயிற்றில் செரித்துச் சிதைந்துவிடாதோ என்று நீங்கள் கேட்கலாம். தக்க வினாவே. பிறந்த சில மணி நேரம் வரை கன்றின் சிறுகுடல் இப்பெரிய புரதங்களைச் சிதைக்காமல் முழுமையாகவே இரத்தத்துள் விடுகிறது. ஆயின் அக்கதவு நெடுநேரம் திறந்திருப்பதில்லை. ஆறு மணி நேரத்திற்குள்ளாகவே அது மூடத் தொடங்குகிறது. ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய முற்றும் மூடிவிடுகிறது. அதன்பின் எத்துணைச் சீம்பால் புகட்டினும் அது உணவாகுமே அன்றி, இரத்தத்தில் சேர்ந்து காக்கும் கவசம் ஆகாது.

தாய்ப்பாலின் வழியே நோய் எதிர்ப்பாற்றல் சேய்க்குச் செல்வதை ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1892-இல் எலிகளைக் கொண்டு விளக்கினார். அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித், ரால்ஃப் லிட்டில் ஆகிய இருவரும் கன்றுகளையே ஆராய்ந்து 1922-இல் முடிவை வெளியிட்டனர். சீம்பால் பெறாத கன்றுகளுள் பெரும்பாலானவை மடிந்தன, பெற்றவை பிழைத்தன.

இனி, கொடி விழும்வரை காத்திருக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடலில் ஆக்சிடாசின் என்னும் சுரப்பு மிகுகிறது. அது பாலை இறக்குவதுடன் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. எனவே கன்றை ஊட்ட விடுவது கொடி விழுவதற்குத் துணையே அன்றித் தடையன்று. பெரியவரின் கவலை அன்பால் எழுந்தது. ஆயினும் அதன் விலையைக் கன்று தருகிறது.

செய்ய வேண்டுவன எளியவை. பிறந்தவுடன் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்து, தொப்புளில் அயோடின் மருந்து தடவுக. மடியைக் கழுவி, ஒரு மணி நேரத்திற்குள் முதற்பாலை ஊட்டுக. முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர். இதில் எவ்வளவு விரைவில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவும் நன்று. குடிக்கும் ஆற்றல் இல்லாத கன்றுக்குப் பாலைக் கறந்து புட்டியில் புகட்டலாம். தாய் இறந்துவிட்டால், அண்மையில் ஈன்ற வேறொரு பசுவின் சீம்பால் உதவும். உறைய வைத்த சீம்பாலை வெதுவெதுப்பான நீரில் வைத்தே இளக்க வேண்டும். கொதிக்க வைத்தால் எதிர்ப்புப் பொருள்கள் கெடும். பாலில் முட்டையும் ஆமணக்கெண்ணெயும் கலந்து கொடுக்கும் முறை ஊட்டம் தரும், மலம் இளக்கும், பாதுகாப்பைத் தராது.

மூன்று நான்கு நாள்களுக்குப் பின் சாதாரணப் பால் தொடங்கும். கன்று குடிக்கும் பால் முதல் மூன்று பைகளைத் தாண்டி நேரே நான்காம் பைக்குச் சென்றுவிடும். அசைபோடும் பெரிய பை அப்போது சிறியதாகவும் செயலற்றும் இருக்கும். இரண்டாம் வாரம் முதல் மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை ஆகியன சேர்ந்த கன்றுத் தீவனத்தையும் தூய நீரையும் சிறிது சிறிதாக வைத்தால், தானியம் நொதித்து அப்பை வளர்ச்சி பெறும். ஆனால் எத்தீவனமும் முதல் நாளில் இழந்ததை மீட்டுத் தராது.

செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஒரகடம் பகுதிக்கு அது தொலைவன்று. எனினும் நள்ளிரவில் ஈனும் பசுவின் அருகே அறிஞர் எவரும் இருக்கப்போவதில்லை; இருக்கப்போவது நீங்களே. அடுத்த முறை உங்கள் கொல்லையில் பசு ஈன்றால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரியவரிடம் பணிவோடு காரணத்தைக் கூறி, கன்றை மடியில் விடுங்கள். கன்றின் பங்கு போக மிஞ்சும் சீம்பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்து அவித்து அனைவரும் உண்ணலாம். முதற்பங்கு மட்டும் கன்றுக்கே உரியது.