தூக்கம் வரவில்லையா? நடந்து பாருங்கள்!

இரவு மணி 2. காரைக்குடி அடங்கிவிட்டது. பெரிய வீடு ஒன்றில் ஆச்சி மட்டும் விழித்துக்கொண்டு இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில். புரண்டு புரண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தூக்க மாத்திரையின் பெயரைச் சொல்லி இருக்கிறார்கள். வாங்கிப் போடலாமா?

செட்டிநாட்டில் இப்படி விழித்திருக்கும் ஆச்சிகள் பலர். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை போடுவது ஆபத்து. அது பழக்கமாகிவிடலாம். வயதானவர்கள் இரவில் எழுந்தால் தடுமாறி விழவும் கூடும்.

வேறு வழி உண்டா? உண்டு என்கிறது ஆராய்ச்சி. அதுதான் உடற்பயிற்சி!

43 பேர் சோதனை

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 1997-ம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 43 பேர். வயது 50 முதல் 76 வரை. எல்லோருக்கும் தூக்கக் குறை.

அவர்களில் ஒரு பகுதியினர் வாரம் 4 நாள், 30 முதல் 40 நிமிடம் பயிற்சி செய்தார்கள். வேகமாக நடந்தார்கள். 16 வாரம் சென்றது. அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். பயிற்சி செய்யாதவர்களைவிட சுமார் 40 நிமிடம் கூடுதலாகவும் தூங்கினார்கள்.

பெங்களூரில் யோகா

நம் நாட்டிலும் சோதனை நடந்தது. பெங்களூரில் முதியோர் இல்லத்தில் 69 பேரை 3 பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் யோகா செய்தார்கள். ஒரு பிரிவினர் ஆயுர்வேத மருந்து சாப்பிட்டார்கள். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள்.

2005-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 6 மாத யோகாவுக்குப் பிறகு, சுமார் 1 மணி நேரம் அதிகமாகத் தூங்குவதாக அந்தப் பிரிவினர் சொன்னார்கள். மற்ற இரு பிரிவிலும் அப்படி மாற்றம் இல்லை.

ஒரே நாளில் வராது

இன்று நடந்தால் இன்றே தூக்கம் வருமா? வராது!

2013-ம் ஆண்டில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இதைச் சொன்னது. தூக்கம் வராத 11 பெண்களை அங்கே கவனித்தார்கள். பயிற்சி செய்த அன்றே பலன் தெரியவில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்த பிறகே தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. தூக்கம் வரத் தாமதமான இரவுக்கு மறுநாள், அவர்கள் பயிற்சியைக் குறைத்துக்கொண்டார்கள். பலர் தோற்றுப்போவது இங்கேதான். "ராத்திரி தூங்கவில்லை, இன்றைக்கு நடக்க வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

எச்சரிக்கை

நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். பலத்த குறட்டையும், தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் அது வேறு வியாதியாக இருக்கலாம். ஏற்கெனவே டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது.

நடக்க இடமா இல்லை?

செட்டிநாட்டில் பல வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வெயிலானாலும் மழையானாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

இன்று இரவும் ஆச்சிக்குத் தூக்கம் வராமல் போகலாம். ஆனாலும் காலையில் எழுந்து நடக்கவேண்டும். 16 வாரம் என்பது 4 மாதம்கூட இல்லை!