21 உயிரிழப்புகளோடு தப்பிய பூட்டான்: எப்படி?

சுமார் 7.5 லட்சம் பேர் வாழும் இமயமலை நாடான பூட்டானில் கொரோனாவுக்குப் பலியானவர்கள் 21 பேர். தொற்று தொடங்கியபோது நாடு முழுவதற்கும் 350-க்கும் குறைவான மருத்துவர்களே இருந்தார்கள். தீவிர சிகிச்சையில் உயர் பயிற்சி பெற்றவர் ஒரே ஒருவர். நோய் பரவிவிட்டால் மருத்துவமனைகள் தாங்காது என்பது அரசுக்குத் தெரியும். எனவே, நோயாளி வருவதற்கு முன்பே நோயை மறிப்பதில் முழுக் கவனம் செலுத்தியது.

முந்திக்கொண்ட அரசு

2020 மார்ச் தொடக்கத்தில், இந்தியா வழியாக வந்த 76 வயது அமெரிக்கப் பயணிக்குத் தொற்று உறுதியானது. அவரோடு தொடர்பில் இருந்த சுமார் 300 பேர் சில மணி நேரத்திலேயே கண்டறியப்பட்டனர். சுற்றுலாப் பயணிகளுக்கு உடனே தடை வந்தது. அதே மாதம் எல்லைகள் மூடப்பட்டன. நாடு திரும்பிய குடிமக்களை அரசு தன் செலவிலேயே ஓட்டல்களில் தனிமைப்படுத்தியது. மற்ற நாடுகள் 14 நாள் போதும் என்றபோது, தாமதமாக வெளிப்படும் தொற்றும் தப்பிவிடக் கூடாது என்று 21 நாள் வைத்தது.

அன்றைய பிரதமர் லோட்டே ஷெரிங் அறுவை சிகிச்சை நிபுணர். சுகாதார அமைச்சர் டெச்சென் வாங்மோ பொதுச் சுகாதாரம் படித்தவர். நிபுணர்கள் சொல்வதை ஆட்சியாளர்களுக்குப் புரியவைக்கும் வேலை அங்கே மிச்சமாயிற்று. வருமானம் இழந்தவர்களுக்கு மன்னரின் ‘கிடு’ நிவாரணத் திட்டத்தில் மாதந்தோறும் பணம் கிடைத்தது. ஆரஞ்சுச் சீருடைத் தன்னார்வலர்கள் எல்லைக் காவலில் நின்றார்கள்.

காத்திருந்து போட்ட ஊசி

2021 ஜனவரியில் இந்தியா 1.5 லட்சம் டோஸ் கோவிஷீல்டை அன்பளிப்பாக அனுப்பியது. பூட்டான் அவசரப்படவில்லை. பெரியவர்கள் அனைவருக்கும் ஒரே வீச்சில் போடுமளவு கையிருப்பு சேரவும், சோதிடப்படி ஆகாத மாதம் கழியவும் காத்திருந்தது. மார்ச்சில் மேலும் 4 லட்சம் டோஸ் வந்தது. 27-ஆம் தேதி, சோதிடக் கணக்குப்படி, குரங்கு ஆண்டில் பிறந்த பெண்ணுக்கு அதே ஆண்டில் பிறந்த பெண்ணே முதல் ஊசியைப் போட்டார். சுமார் இரண்டு வாரங்களில், தகுதியுள்ள பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் தவணை பெற்றுவிட்டனர்.

கொடுத்த விலை

இரண்டாம் அலையில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியதும், இரண்டாம் தவணை அந்தரத்தில் தொங்கியது. அமெரிக்கா, டென்மார்க் உள்ளிட்ட நாடுகள் தடுப்பூசி கொடுத்த பிறகே ஜூலையில் அது நடந்தது. சுற்றுலாவுக்குக் கதவு திறந்ததோ 2022 செப்டம்பர் 23-இல்தான். உயிர்களைக் காத்த அதே மூடல்தான், வழிகாட்டிகளையும் ஓட்டல் தொழிலாளர்களையும் இரண்டரை ஆண்டுகள் வேலையின்றி முடக்கியது.