நஞ்சை அளக்கும் படிப்பு

கிண்டி பாம்புப் பண்ணைக்கு விடுமுறை நாளில் குழந்தைகளோடு வருகிறவர்கள், கண்ணாடிக்கு அப்பால் அசைவின்றிச் சுருண்டு கிடக்கும் கண்ணாடிவிரியனைக் கண்டு ஒரு கணம் தயங்கி நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது கடித்தால் எத்தனை நேரத்தில் உயிர் போகும்?" இயல்பான கேள்விதான், ஆனால் அதற்கு நேரான விடை இல்லை. பல் எவ்வளவு ஆழம் பதிந்தது, உள்ளே இறங்கிய விஷம் எத்தனை மில்லிகிராம், கடிபட்டவர் குழந்தையா பெரியவரா, முறிமருந்து உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று அந்த ஒரு கேள்வியைப் பல கேள்விகளாகப் பிரித்துக்கொண்டாலொழிய யாராலும் விடை சொல்ல இயலாது. அச்சத்தில் பிறந்த ஒரு கேள்வியை அளந்து பார்க்கத்தக்க கேள்விகளாகப் பகுத்துக்கொள்ளும் இந்த வித்தையைத்தான் முந்தைய தலைமுறையினர் விஷ சாஸ்திரம் என்றார்கள். இன்று நச்சியல் என்கிறோம். அதில் ஆராய்ச்சி வழியாக முதுகலைப் பட்டம் பெற விரும்பும் மாணவருக்குக் கிண்டியைப் போல் பொருத்தமான சுற்றுப்புறம் நம் தேசத்தில் அதிகம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

விஷம் என்பது ஒரு வஸ்துவின் பிறவிக் குணமன்று. அளவும், அது உடலுக்குள் புகுந்த வழியும், புகப்பெற்ற உடலின் தன்மையும் சேர்ந்து உண்டாக்குகிற விளைவு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளையே எடுத்துக்கொள்ளலாம். கண்வலிக்கிழங்கு என்று குடியானவர்கள் அழைக்கும் அதன் கிழங்கைத் தின்று மாண்டவர் பலர்; அந்தச் செடியிலிருக்கும் கொல்கிசின் என்ற அதே பொருளுக்காகத்தான் மூலனூர், தாராபுரம் பகுதிகளில் விதைக்கென்று அதைப் பந்தலிட்டுப் பயிர் செய்கிறார்கள்; அந்தக் கொல்கிசின் மிகச் சிறிய அளவில் யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கித் துடிப்பவருக்கு மருந்தாகிறது. நம் சித்த வைத்தியர்கள் பாஷாணங்களைச் சுத்தி செய்தே கையாள வேண்டும் என்று வற்புறுத்தியதற்கும் இந்த உணர்வே ஆதாரம். ஆயினும் உணர்வு வேறு, அளவு வேறு. உணர்வை எண்ணாக்கிக் காட்டும்போதுதான் அது சாஸ்திரமாகிறது.

இந்த வேறுபாட்டை விளக்கத் தஞ்சாவூர் மாத்திரையின் கதையை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தென்று தென்னாட்டில் பெரும் பெயர் பெற்றிருந்த அந்த மாத்திரையில் வெள்ளைப் பாஷாணம் கலந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளராகக் கர்நாடகப் பிரதேசத்தில் பணியாற்றிய டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையின் பாம்புகளைச் சேகரித்து, கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு, ஒவ்வொரு பிராணியும் எத்தனை நிமிஷத்தில் தளர்ந்தது, எத்தனை நிமிஷத்தில் வீழ்ந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்ததோடு, அந்த மாத்திரையையும் பரிசோதனைக்கு உட்படுத்தினார். கண்ணாடிவிரியன் இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அவருடைய பாம்பு நூல் 1796-இல் வெளிவந்தது. அத்தகைய பரிசோதனை ஏன் வேண்டும்? பாம்பு கடித்தவர் அனைவரும் இறப்பதில்லை. பல கடிகளில் விஷம் இறங்குவதே இல்லை. ஆகையால் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும், எந்த மந்திரத்தை ஜபித்தாலும், பிழைத்துக்கொண்ட சிலரைச் சாட்சியாகக் காட்ட முடியும். மருந்து கொடுத்த பிராணியோடு மருந்து கொடுக்காத பிராணியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலன்றி உண்மை வெளிப்படாது. நச்சியல் மாணவர் முதலாம் ஆண்டில் கற்கும் முதல் பாடமும் இதுவே.

இனிக் கிண்டிக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கிங் என்பவரின் பெயரால் 1899-இல் தோன்றிய கிங் நோய்த்தடுப்பு நிலையம், கன்றுகளின் உடலிலிருந்து அம்மைப்பாலைத் தயாரித்து மாகாணம் முழுவதற்கும் அனுப்பிய இடம். ஒரு காலத்தில் பாம்புக்கடி முறிமருந்தும் அங்கே செய்யப்பட்டது. 1948-இல் ஏற்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகமும் கிண்டியில்தான் இருக்கிறது. உயிர்வேதியியலும் விலங்கியலும் போதிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டிக் காட்டின் ஒரு பகுதியைப் பெற்று 1959-இல் எழுந்த ஐ.ஐ.டி., அடையாறுப் பக்கம் தோல் பதனிடுவதில் குரோமியம் விளைவிக்கும் கேட்டை ஆராய்ந்துவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆகிய எல்லாவற்றையும் காலையில் புறப்பட்டால் மாலைக்குள் நடந்தே சுற்றி வந்துவிடலாம். சந்தேக மரணங்களில் விஷம் உண்டா என்று ஆராய்வதற்காக இந்தியாவிலேயே முதலாவதாக 1849-இல் சென்னையில் அமைந்த இரசாயனப் பரிசோதகர் கூடத்தின் மரபில் வந்த தடயவியல் துறை, சற்றே தள்ளி மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் இயங்குகிறது.

முறிமருந்து எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்தி, வாரந்தோறும் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக்கொண்டே போனால், குதிரையின் இரத்தத்தில் அந்த விஷங்களைப் பற்றிப் பிணிக்கும் எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. இரத்தத்தை எடுத்து, அந்த எதிர்ப்பொருள்களை மட்டும் பிரித்துச் சுத்தப்படுத்திச் சிறு குப்பிகளில் அடைக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் மருந்து நல்ல பாம்பின் விஷத்திலும் கண்ணாடிவிரியனின் விஷத்திலும் 0.6 மில்லிகிராமை முறிக்க வேண்டும், மற்ற இரண்டின் விஷத்தில் 0.45 மில்லிகிராமை முறிக்க வேண்டும் என்பது விதி. பத்து மில்லிலிட்டர் கொண்ட ஒரு குப்பி, ஆகவே, கண்ணாடிவிரியன் விஷத்தில் 6 மில்லிகிராமை முறிக்கும். அந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவதோ 63 மில்லிகிராம். எட்டு முதல் பத்துக் குப்பியில் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று நம் மருத்துவர்கள் கொண்டிருக்கும் நியமம் இந்த எளிய வகுத்தற் கணக்கிலிருந்து வந்ததே.

குப்பியின் மேல் அச்சிட்ட அந்த 0.6 என்ற எண்ணை நம்பித்தான் டாக்டர் ஊசியை எடுக்கிறார். ஆராய்ச்சி மாணவரின் வேலையோ, அந்த எண்ணை நம்புவதற்கு முன் அதனை விசாரணை செய்வது. யாருடைய விஷம்? எந்த ஊர்ப் பாம்பு? எந்தப் பிராணியில் அளந்தது? இந்தியாவில் முறிமருந்து செய்யப் பயன்படும் விஷத்தில் மிகப் பெரும்பகுதியை அளிப்பது, 1978-இல் பதிவு செய்யப்பெற்று, வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். தலைமுறை தலைமுறையாக வந்த ஞானத்தால் வரப்பில் காணும் தடத்தைக் கொண்டே பாம்பின் இனத்தைச் சொல்லிவிடும் இருளர் மக்கள், பிடித்த பாம்பை மட்பானையில் வைத்துக் காத்து, வாரத்துக்கொரு முறையாக நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது என் போன்றோருக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த செய்தி.

ஆனால் செங்கற்பட்டுச் சீமையில் பிடித்த பாம்பின் விஷமும், ராஜஸ்தானத்து மணலிலோ வங்காளத்து வயலிலோ பிடித்த பாம்பின் விஷமும் ஒரே சரக்கு அல்ல. ஓரினப் பாம்பேயாயினும் உண்ணும் இரை, வாழும் நிலம், வயது ஆகியவற்றுக்கேற்ப விஷத்திலுள்ள புரதங்களின் விகிதம் மாறுகிறது; பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் செய்த ஆராய்ச்சிகள் இதைத் தெளிவாக நிரூபித்திருக்கின்றன. மேலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்பித் தோட்டங்களிலும் இலங்கையிலும் மனிதரைக் கடித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிறிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதற்கு நம்மிடம் முறிமருந்தே கிடையாது. ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று வருந்தும் மாணவர் இந்த இரண்டு செய்திகளையும் நினைத்துப் பார்க்கட்டும்.

இரண்டு மூன்று ஆண்டு ஆராய்ச்சி என்றால் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று நிகழ்ந்தாக வேண்டும் என்று எண்ணுவது தவறு. முதல் ஆறு மாதம் அனுமதிகளிலேயே கழியும்: வன உயிரினச் சட்டத்தின் கீழ் வனத்துறையின் சம்மதம் வேண்டும், எலிகளில் சோதிப்பதானால் பிராணி நெறிக்குழுவின் சம்மதம் வேண்டும், எத்தனை எலி, ஏன் அத்தனை, வளர்ப்பு அணுக்களில் செய்தால் ஆகாதா என்று குழுவினர் கேட்பார்கள். அந்தக் கேள்விகளை இடையூறாக நினைக்கக் கூடாது. பாதி எலிகளைக் கொல்லும் அளவே விஷத்தின் அளவுகோல் என்று டிரெவன் என்பவர் 1927-இல் வகுத்த முறை நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. ஓர் எண்ணுக்காக எத்தனை உயிர் தகும் என்ற விசாரமும் இந்தச் சாஸ்திரத்தின் ஒரு பகுதியேயாகும்.

பிறகு கைப்பழக்கம். கண்ணாடிவிரியன் விஷம் இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகளைத் தூண்டித் தூண்டி, அவற்றைத் தீர்த்தேவிடுவதால், கடிபட்டவரின் இரத்தம் கடைசியில் உறையவே மாட்டாது. இதை அறியக் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு: இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிஷம் காத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. பிளாஸ்டிக் குழாயானால் சோதனை பொய்த்துவிடும். சோப்பு நீரால் கழுவிய குழாயில் சிறிது சோப்பு தங்கியிருந்தாலும், நல்ல இரத்தம்கூட உறையாமல் நின்று, விஷம் ஏறாதவருக்கும் விஷம் ஏறியதாகக் காட்டிவிடும். குழாயைக் கழுவியவர் யார் என்று கேட்கும் புத்தி உண்டாகிவிட்டதென்றால், அந்த மாணவர் நச்சியலில் பாதி தேறிவிட்டார் என்றே நான் கருதுவேன். பாடநூலை நெட்டுருச் செய்வதால் இந்தப் புத்தி வராது. சோதனை கெட்டு, மீண்டும் செய்து, மீண்டும் கெட்டு, காரணம் தேடித் தேடியே வரும்.

இத்தகைய பயிற்சி எங்கே கிடைக்கும்? தமிழ்நாட்டில் எண்ணற்ற மாணவர்கள் ஆராய்ச்சியின் முதற்படியாக எம்.பில். பட்டத்தையே கொண்டிருந்தார்கள், பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட விதிகளால் அது நின்றுபோயிற்று. கால்நடை மருத்துவம் படித்தவருக்கு, 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியில் மருந்தியலும் நச்சியலும் சேர்ந்த எம்.வி.எஸ்ஸி. இருக்கிறது, ஆய்வேடு எழுதியே பெற வேண்டிய பட்டம் அது. இளஞ்சோளத்தட்டையையோ மரவள்ளி இலையையோ மேய்ந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் சயனைடால் ஆடு மாடுகள் மடியும் நாட்டில் அந்தப் படிப்பின் மகிமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொறியியலும் விஞ்ஞானமும் கற்றவருக்கு ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். உண்டு, பெயரில் நச்சியல் இல்லாவிட்டாலும், நீரில் கலந்த பூச்சிக்கொல்லியையும் ஆர்சனிக்கையும் அகற்றப் பேராசிரியர் டி. பிரதீப் அங்கே செய்த பணி நச்சியலுக்கு அண்டை வீடே. நச்சியல் என்ற பெயரோடேயே எம்.எஸ்ஸி. பயில விரும்பினால் தில்லியில் ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். மருந்துகளின் நச்சுத்தன்மையை ஆராய மொகாலிக்குப் போக வேண்டும். இத்துறைக்கென்றே 1965-இல் அமைந்த தேசிய ஆய்வகமோ லக்னௌவில் இருக்கிறது.

பாம்பும், தடுப்பூசி ஆய்வகங்களும், பல்கலைக்கழகங்களும் ஒருங்கே கூடி, விஷம் எடுக்கும் கைகளும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் கிண்டியிலிருந்து ஒரு மாணவர் விஷ சாஸ்திரம் கற்கத் தில்லிக்கு ரயிலேற வேண்டியிருப்பது நியாயமன்று. புதிய கட்டடம் ஒன்றும் வேண்டியதில்லை. இருக்கிற நிலையங்கள் தம்முள் உடன்பாடு செய்துகொண்டு, ஆய்வேட்டையே பிரதானமாகக் கொண்ட ஒரு பட்டத்தை ஏற்படுத்தினால் போதும்.

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர். அவர்களில் மிகப் பலர் வயலில் வேலை செய்தவர்கள். கட்டுவிரியன் கடித்த வலிகூடத் தெரியாமல் தரையில் பாய் விரித்து உறங்கியவர்கள். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிவிட்டது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏறும், அந்தக் கணக்கைப் படித்து ஆராய ஆள் வேண்டும். உயிர்வேதியியலிலோ, விலங்கியலிலோ, கால்நடை மருத்துவத்திலோ பட்டம் பெற்று, மேற்கொண்டு என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே, ஒரு நாள் காலையில் மகாபலிபுரம் பஸ் ஏறி வடநெம்மேலியில் இறங்கி, இருளர்கள் விஷம் எடுப்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்து, பிறகு உங்கள் தலைப்பைத் தீர்மானியுங்கள்.