போதுமென்ற மனம் எப்படி வரும்?

புதிய கைத்தொலைபேசியை முதல் வாரம் துடைத்துத் துடைத்து வைப்போம். இரண்டு மாதம் போனால் அது மேசையில் கிடக்கும் இன்னொரு பொருள். அதற்குள் தோழியின் கையிலிருப்பது அழகாகத் தெரியத் தொடங்கிவிடும். இதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மின்விசிறியின் சத்தம் சிறிது நேரத்தில் காதில் விழாமற் போவதுபோல, எப்போதும் கிடைப்பதற்கு மனம் பழகிவிடுகிறது.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேரைப் பற்றிய ஆய்வொன்று 1978 இல் வெளியானது. சிறிய ஆய்வுதான். ஆயினும் அதன் முடிவு சிந்திக்க வைக்கிறது. வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிக மகிழ்ச்சியோடு இருக்கவில்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது, சஞ்சிகை வாசிப்பது போன்ற சின்னச் சின்ன விடயங்களில் அவர்கள் கண்ட இன்பமோ மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது.

அப்படியானால் நிலைத்து நிற்பது எது? ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1938 இல் ஓர் ஆய்வைத் தொடங்கி, 724 ஆண்களின் வாழ்க்கையைப் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்தது. அவர்களுள் அப்பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தனர். பொஸ்டன் நகரின் வறிய வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் கூடிய ஆரோக்கியத்துடன் இருந்தார்கள்.

காரணம் எளிது. வாங்கிய பொருள் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். மனிதர் அப்படியல்லர். மூத்தம்மாவிடம் நேற்றில்லாத ஒரு கதை இன்று இருக்கும். தம்பியிடம் புதிய சேட்டை இருக்கும். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பழகிப்போன மனதைத் திருப்பவும் வழியுண்டு. ஒன்று இடைவெளி. நோன்பு துறக்கும்போது முதல் மிடறு தண்ணீர் எவ்வளவு இனிக்கிறது! தண்ணீர் அதேதான்; இடைவெளிதான் சுவையைத் தந்தது. மற்றது கவனம். 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், நன்றி சொல்லத்தக்க ஐந்து விடயங்கள் வரை வாரந்தோறும் எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள்.

போதும் என்பது படிப்பையும் முயற்சியையும் விட்டுவிடுவதன்று. உண்மையான வறுமையைப் பொறுத்துக்கொள் என்று பிறருக்குப் புத்தி சொல்வதுமன்று. கையிலிருப்பதன் அருமையை அறிந்துகொண்டே மேலே போவதுதான் அது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று நாம் சொல்லும்போதெல்லாம், இருப்பது போதாது என்றுதான் பிள்ளைக்குக் கற்பிக்கிறோம். இன்றிரவு ஒருவேளை சோற்றையாவது கைத்தொலைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு எல்லோரும் கூடியிருந்து உண்போம். "இன்று என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.